பிரேமலா போட்ட பச்சை விளக்கு

ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் பிரேமலா குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், அவளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேச்சு வரும். வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறியவள் இறங்கிப் போய் கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். தெருமுனை வரை போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பாள். சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி முன்னால் போனால் அவ்வளவுதான், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போகும் அளவுக்கு இடைவெளி விட்டு ஊர்ந்து போவாள். பயந்தாங்கொள்ளி என்று ஊரே பேர் வைத்துவிட்டது. கணவன் சுகுமாறனும் அதே பேரைத்தான் சொல்வான், ஆனால் அவன் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுக்குப் பயம் வேலை வெட்டி இல்லாமல் வரவில்லை. பிறந்தது சிகாமட்டில். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. மழை நின்றுவிட்டது என்று நம்பி எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் நனைந்து முதுகு குளிர்ந்தபோதுதான் அவளுக்கு விழிப்பு வந்தது. உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை, தட்டுமுட்டுச் சாமான்தான் போயிற்று. ஆனால் ஆபத்து என்பது சத்தம் போட்டுக்கொண்டு வராது என்ற எண்ணம் அன்றைக்கே அவள் மனசில் ஊறிவிட்டது. சத்தம் வந்தால் ஓடிவிடலாம். சத்தமே வராமல் இருப்பதை என்ன செய்வது?

செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருஷம் நின்றபடியே வேலை பார்த்தாள். மாலையில் டிப்ளோமா படித்தாள். பிறகு அதே செனாயில், கடைவீட்டு மாடி ஒன்றில் இயங்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். குளிர்பதனக் கிடங்குகளுக்கு எச்சரிக்கை நிரல் எழுதுவது அவர்கள் தொழில். அறைகளில் பொருத்திய உணரிகள் புகை, வாயு, வெப்பம் மூன்றையும் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது எல்லை தாண்டினால் அந்த அறை வாசலில் உள்ள விளக்கு சிவப்பாகும், அபாயச் சங்கு ஊதும். உலகத்தில் எதெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்று நாள் முழுவதும் யோசிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால், பிரேமலாவுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஒன்றுதான் சுகுமாறன் வேலை செய்யும் கிடங்கு. உறைந்த மீனும் கோழியும் அடுக்கி வைக்கும் இடம். அவன் அங்கே சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறான். கிடங்கின் பின்பக்கம் எஞ்சின் ரூம். குளிரூட்டும் இயந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன, குழாய்களில் ஓடுவது அமோனியா. கசிந்தால் கண் எரியும், மூச்சு முட்டும், அதிகமாகக் கசிந்தால் ஆளையே சாய்த்துவிடும். அந்த அறைக்கான எல்லையை எழுதியபோது பிரேமலா நூறு முறை சரிபார்த்தாள். தாலி கட்டினவன் நடமாடும் இடம் அல்லவா.

இனி அந்த ஆயுத பூஜை விவகாரம்.

கிடங்கில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று லோடிங் பே என்று சொல்லும் சரக்கேற்றும் முகப்பில் போர்க்லிப்டுகளை வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாம்பிராணி போட்டுக் கும்பிடுவார்கள். பூஜையை முன்னின்று நடத்துகிறவர் சூப்பர்வைசர் சதாசிவம். போன வருஷம் அவர் கொஞ்சம் தாராளமாகவே சாம்பிராணி போட்டுவிட்டார். புகை உணரி பிடித்துக்கொண்டது, சங்கு ஊதியது, கிடங்கே காலியானது, பொம்பா என்னும் தீயணைப்புப் படையின் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி கொதித்துப் போனார். இனி ஒரு தடவை பூஜையில் சங்கு ஊதினால் பூஜையே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அதனால் இந்த வருஷம் சதாசிவம் முன்கூட்டியே பிரேமலாவிடம் வந்தார். சுகுமாறன் வழியில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற பழக்கம். லோடிங் பேயை மட்டும் ஓர் அரை மணி நேரம் ஊமையாக்கி வைக்க முடியுமா, சங்கும் ஊதக்கூடாது, விளக்கும் சிவப்பாகக்கூடாது, முதலாளி வந்து நிற்பார் என்றார். ஊமையாக இருக்கும்போது விளக்கு மஞ்சளாவது எரியட்டும் என்று பிரேமலா கேட்டுப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாலும் முதலாளி முகம் சுளிப்பார், பச்சையாகவே இருக்கட்டும் என்றார் அவர். மற்ற அறைகள் எல்லாம் விழித்திருக்கும், ஒரே ஓர் அறைதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

ஊமையாக்குவதற்கு மியூட் என்றொரு கட்டளை நிரலில் ஏற்கெனவே இருந்தது. அதை எழுதியவன் ஆலன். முன்பு அதே அலுவலகத்தில் இருந்தவன், இப்போது சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். அவன் எழுதிய காலத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாம் ஓர் அறை, ஒரு சங்கு என்ற அளவில் இருந்தார்கள். எனவே எல்லாவற்றையும் ஸ்டாடிக் என்று எழுதிவைத்தான்.

நிரல் எழுதும் மொழியான ஜாவா தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் சின்னதுதான். ஜாவாவில் சாதாரண மெத்தட், அதாவது கட்டளை, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. லோடிங் பேயிடம் சொன்னால் லோடிங் பே கேட்கும், எஞ்சின் ரூமிடம் சொன்னால் எஞ்சின் ரூம் கேட்கும். ஸ்டாடிக் மெத்தட் அப்படி அல்ல. அது எந்த அறைக்கும் சொந்தமில்லை, அறை என்ற வகைக்கே பொதுவானது. ஒரு முறை கூப்பிட்டால் எல்லாருக்குமாகச் சேர்த்துத்தான் வேலை நடக்கும். முறையாக எழுதினால் முன்னால் வகையின் பெயரைப் போடவேண்டும். ஸ்டாடிக் இம்போர்ட் என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பெயரும் வேண்டாம், வெறும் மியூட் என்று எழுதினால் போதும். ஆலன் கோப்புகள் முழுவதும் அப்படித்தான். எதற்கு ஒவ்வொரு தடவையும் பேரை நீட்டி முழக்கவேண்டும், கை வலிக்கிறது என்பான்.

பிரேமலாவுக்கு அந்த மொட்டை வரிகளைக் கண்டாலே ஆகாது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் ஒரு கட்டளையா? அதனால் ஆலனின் ஸ்டாடிக் இம்போர்ட் வரியை எடுத்துவிட்டு, அறையின் பெயரை முன்னால் சேர்த்தாள். லோடிங் பே, ஒரு புள்ளி, மியூட். இப்போது வரி தெளிவாக இருந்தது. யார் படித்தாலும் லோடிங் பே மட்டும்தான் ஊமையாகும் என்று புரியும். பயத்தினால் செய்த காரியம், ஒழுங்காகச் செய்த காரியம் என்று அவளுக்குத் திருப்தி.

கேடு அங்கேதான் இருந்தது. ஸ்டாடிக் மெத்தடுக்கு முன்னால் எந்தப் பொருளின் பெயரைப் போட்டாலும் ஜாவா அதைச் சட்டை செய்வதில்லை. அந்தப் பொருள் எந்த வகை என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பொதுக் கட்டளையைப் பொதுவாகவே ஓட்டிவிடும். வீட்டு மெயின் சுவிட்சின் மேல் சமையலறை என்று எழுதி ஒட்டின மாதிரி. தட்டினால் வீடே இருண்டுபோகும்.

ஜாவா எச்சரிக்காமலும் இல்லை. தவறு என்று நிறுத்தாது, வரிக்கடியில் மஞ்சள் கோடு மட்டும் போடும். ஆனால் ஆலனின் பழைய கோப்புகளில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் கோடு. சேர்ந்த புதிதில் பிரேமலா ஒவ்வொன்றுக்கும் பதறி, வேலை ஓடாமல் தவித்தாள். கோடுகளை மறைத்துவைக்கும் வழியை ஆலன்தான் காட்டிக்கொடுத்தான். அன்று மறைத்தது, மறைந்தபடியே இருந்தது. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயம் தாங்காமல் மூடிவைத்த ஒரே இடம் அதுதான். சோதனையும் செய்தாள், செய்யாமல் இல்லை. அலுவலக மேசையில் ஓர் உணரியை வைத்து, ஓர் அறையை உண்டாக்கி, ஊமையாக்கிப் பார்த்தாள். அழகாக ஊமையானது. இருப்பது ஓர் அறை என்றால் எல்லாமும் அதுதானே, எப்படித் தெரியும்?

ஆயுத பூஜையன்று காலை, சதாசிவம் தயார் என்று தகவல் அனுப்பினார். பிரேமலா அலுவலகத்திலிருந்தே கட்டளையைத் தட்டினாள். திரையில் கிடங்கின் அறைகள் எல்லாம் பச்சையாக வரிசைகட்டி நின்றன. ஒரு கோப்பை மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவள் வழக்கம், யாரும் சொல்லாமலே செய்கிற வேலை.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ உறுத்தியது. இரண்டாம் உறைபதன அறையின் கதவுக்கு வயதாகிவிட்டது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வெப்பம் சற்று ஏறி, விளக்கு கொஞ்ச நேரம் மஞ்சளாகித் திரும்பும். காலையிலிருந்து அது கண் சிமிட்டுவது போல மஞ்சளாகிக்கொண்டுதான் இருந்தது. இப்போது வெகுநேரமாகச் சிமிட்டவில்லை. பூஜைக்கு எல்லாரும் போயிருப்பார்கள், கதவை யார் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். நினைத்தவுடன் கதவு திறந்த தகவல் திரையின் மூலையில் வந்து விழுந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். விளக்கு பச்சையாகவே நின்றது.

பிரேமலா நிரலைத் திறந்தாள். மறைத்துவைத்த மஞ்சள் கோடுகளைத் திரும்ப வரவழைத்தாள். அவள் எழுதிய வரிக்கடியிலும் ஒரு கோடு இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டு போனாள். ஸ்டாடிக் மெத்தட் ஒன்று பொருளின் வழியாக அழைக்கப்படுகிறது என்று ஒற்றை வரி. அவ்வளவுதான், அதற்குள் எல்லாம் இருந்தது. அவள் ஊமையாக்கியது லோடிங் பேயை மட்டுமல்ல. கிடங்கு முழுவதையும். எஞ்சின் ரூமையும்.

ஊமையாக இருக்கும் நேரத்தில் கதவுத் தகவல் மட்டும்தான் வரும், உணரிகளின் அளவுகள் பதிவாகாது, ஆலன் அப்படித்தான் எழுதியிருந்தான். எஞ்சின் ரூமில் இப்போது என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. திரையில் இருந்த பச்சை எல்லாம் வெறும் வண்ணம். அரை மணி முடியும்வரை ஊமைத்தனத்தை நீக்கவும் அவன் வழி வைக்கவில்லை. நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிடலாம், ஆனால் உணரிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும்.

முதலில் சுகுமாறனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கிடங்குக்குள் கைப்பேசி கொண்டுபோகக்கூடாது, லாக்கரில்தான் கிடக்கும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கடைசி மணிவரை காதில் வைத்திருந்தாள். பிறகு சதாசிவத்தைக் கூப்பிட்டாள். பின்னணியில் மணிச்சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. சுகுமாறன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். பூஜை முடிகிற நேரம், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கக் கிளம்பிவிட்டான், எஞ்சின் ரூமுக்குத்தான் போயிருப்பான் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார்.

பிரேமலா குரலை உயர்த்தினாள்.

“அண்ணே, அவரை உடனே வெளிய வரச் சொல்லுங்க. அந்த ரூமை ஒருக்கா செக் பண்ணணும்.”

“என்னா தங்கச்சி, ஆரம்பிச்சிட்டியா? எல்லா ரூம் லைட்டையும் காட்டுற பேனலைத்தான் நான் இங்க பார்த்துக்கிட்டு நிக்கிறேன். எல்லாம் பச்சை லா. தவுக்கே வேற பக்கத்துல நிக்கிறாரு, ஆரத்தி முடியட்டும், போய்ப் பார்க்கிறேன்.”

வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் இப்படிக் கூப்பிடுவது இது முதல் தடவையா என்ன? இடி இடித்தால் கூப்பிடுவாள், புகைமூட்டம் வந்தால் கூப்பிடுவாள், விளக்கு ஒரு நொடி கூடுதலாக மஞ்சளாக இருந்தால் கூப்பிடுவாள். ஆனால் சொல்லவேண்டிய ஒன்றை அவள் சொல்லவில்லை. அந்தப் பச்சை பொய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் மனுஷன் ஓடியிருப்பார். வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ, ஊர் சிரிக்குமோ என்று, புருஷன் உயிர் ஊசலாடும் நேரத்திலும் அந்த அற்பப் பயம் குறுக்கே வந்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

கண்ணை மூடினால் எஞ்சின் ரூம்தான் தெரிந்தது, வாசலுக்கு மேலே பச்சை விளக்கு, உள்ளே குங்குமத் தட்டுடன் அவன். ஒன்றும் கசியாமல் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒன்றும் இருக்காது. இயந்திரங்கள் எல்லா நாளும் போல ஓடிக்கொண்டிருக்கும், அவன் பொட்டு வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருவான். அந்த மீதி ஒரு பங்குதான் அவளைக் கொன்றது.

சங்கைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஆலன் இன்னொரு கட்டளை எழுதியிருந்தான். அதுவும் ஸ்டாடிக். ஊமையாக இருந்தாலும் அது ஊதும், எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஊதும். அதைத் தட்டினால் பூஜை அதோடு போயிற்று. முதலாளி முகத்துக்கு எதிரே சங்கு ஊதும், பொம்பா வரும், கிடங்குத் தமிழர்கள் அத்தனை பேரும் அவளைத் திட்டுவார்கள், ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் இந்த ஜென்மத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பிரேமலா அழுதுகொண்டே தட்டினாள்.

பிறகு காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். லாரிக்குப் பின்னால் ஊர்கிறவள் அன்றைக்கு இரண்டு லாரிகளை முந்தினாள். கிடங்கு அதே தொழிற்பேட்டையின் மறுகோடியில்தான். நெருங்க நெருங்கச் சங்குச்சத்தம் காதில் விழுந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவளுக்குப் பயமாக இல்லை. ஊதட்டும், இன்னும் ஊதட்டும் என்று நினைத்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூட்டமாக நின்றார்கள். நெற்றியில் சந்தனமும் முகத்தில் குழப்பமும். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சுகுமாறன் இல்லை. யாரையும் கேட்கவும் பயம். சதாசிவம் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. எஞ்சின் ரூமில் ஒரு வால்வு கசிந்ததாகவும், சங்கு ஊதின பிறகே ஆள் தட்டுத்தடுமாறி வெளியே வந்ததாகவும், அந்தப் பக்கம் உட்கார வைத்திருப்பதாகவும் சொன்னார். நான்தான் கேட்கவில்லை, நீ பயந்தது நல்லதாய்ப் போச்சு தங்கச்சி என்று கும்பிட்டார். முதலாளிகூட வந்து தலையசைத்தார். சங்கை ஊதவைத்தது அவள்தான் என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டது. பேனல் ஏன் பச்சையாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுகுமாறன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். யாரோ ஈரத்துண்டு கொடுத்திருந்தார்கள். கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் வடிந்தது. இருமி இருமிப் பேச்சு உடைந்தது. பொம்பா ஆட்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

“உள்ள போனப்பவே வாடை அடிச்சிச்சு, பிரேமா. கண்ணும் எரிஞ்சிச்சு. வெளிய போயிருலாமான்னு பார்த்தேன். லைட்டைப் பார்த்தா பச்சை. உன்னைவிடப் பயந்தவ இந்த ஜோகூர்ல யாரு இருக்கா? நீ போட்ட லைட்டே பச்சைன்னு சொல்லுது, அப்போ இது சாம்பிராணிப் புகையாத்தான் இருக்கும்னு உள்ளயே நின்னுட்டேன்.”

ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்க ஆளில்லை, கோப்பில் அந்த ஒற்றை வரியைத் திருத்திவிட்டால் முடிந்தது. சதாசிவம் பக்கத்தில்தான் நின்றார்.

“அந்தப் பச்சை பொய்ங்க,” என்றாள் பிரேமலா. “நான்தான் தப்பா எழுதிட்டேன். ஒரு ரூமை மட்டும் நிறுத்துறதா நினைச்சு எல்லா ரூமையும் நிறுத்திட்டேன். அண்ணேகிட்ட போன்லகூட அதைச் சொல்லல.”

சுகுமாறனின் சிரிப்பு நின்றது. பிடித்திருந்த கையை அவன் விடவில்லை, ஆனால் அழுத்தம் போய்விட்டது. சிவந்த கண்களால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்த அந்த நேரத்தில் பிரேமலாவுக்கு ஒன்று புரிந்தது, இதன் முன்னால், இத்தனை வருஷம் அவள் பயந்ததெல்லாம் பயமே இல்லை.